2024–25 என்பிஏ: யாருமே எதிர்பார்க்காத அணி எது, ஆள் யார்?

கோர்ட்டோரம் எழுதியது:

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் சீசன் முடிந்துவிட்டது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைத் தூக்கியது, இண்டியானா பேசர்ஸ் ஏழாவது ஆட்டம் வரை அவர்களை விடவில்லை. எல்லா இடத்திலும் பேச்சு அந்த ஃபைனல்ஸைப் பற்றித்தான். நான் இந்த இழையைத் தொடங்குவது வேறோர் அணிக்காக: டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்.

2023–24இல் இந்த அணி எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 14 வெற்றி, 68 தோல்வி. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயித்தார்கள். அதன்பிறகு வரிசையாக 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் அவ்வளவு நீளமான தோல்வி வரிசை அதற்கு முன் எந்த அணிக்கும் அமைந்ததில்லை. டிசம்பர் 30ஆம் தேதி டொராண்டோவை 129–127 என்று ஜெயித்தபோதுதான் மூச்சு விட்டார்கள். சொந்த அரங்கிலேயே “அணியை விற்றுத் தொலையுங்கள்” என்று ரசிகர்கள் கோஷம் போட்ட சீசன் அது. பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம், 78.5 மில்லியன் டாலர். ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த சீசன் 44–38. 82 ஆட்டங்கள் கொண்ட முழு சீசனுக்கு அடுத்த வருடமே வெற்றிக் கணக்கை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கிய முதல் அணி இதுதான்.

30 வெற்றி கூடுவது புதிதா என்று கேட்பீர்கள். புதிதில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் 2007–08இல் 24இலிருந்து 66க்குப் போனது. ஆனால் கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வந்து இறங்கினார்கள். சான் அன்டோனியோ 1997–98இல் 20இலிருந்து 56க்குப் போனது. டிம் டங்கன் வந்தார், காயத்திலிருந்து டேவிட் ராபின்சன் திரும்பினார். ஃபீனிக்ஸ் 2004–05இல் 29இலிருந்து 62. ஸ்டீவ் நாஷ் வந்தார்.

டெட்ராய்ட்டுக்கு யார் வந்தார்கள்? முப்பது வயதைத் தாண்டிய டோபியாஸ் ஹாரிஸ். டாலஸ் விட்டுக்கொடுத்த டிம் ஹார்டவே ஜூனியர். ஒரு வருடத்துக்கு 6 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் மலிக் பீஸ்லி. இவர்களில் யாரும் லீகின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒன்றில்கூட ஆடியதில்லை. கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டூரன், ஜேடன் ஐவி, ஆசார் தாம்சன், ஐசேயா ஸ்டூவர்ட் எல்லோரும் 28 ஆட்டம் தொடர்ந்து தோற்ற அதே ஆட்கள்.

நட்சத்திரம் யாரும் வராமல் ஓர் அணி இப்படி எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை. அதனால்தான் என் ஓட்டு டெட்ராய்ட்டுக்கு. உங்கள் அணி எது, ஆட்டக்காரர் யார்? காரணத்தோடு சொல்லுங்கள்.

நான்காவது_குவார்ட்டர் எழுதியது:

நண்பரே, டெட்ராய்ட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதலபாதாளத்தில் கிடந்த அணி நடுவரிசைக்கு வருவது ஒரு வகை. நடுவரிசை அணி உச்சியில் கை வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கஷ்டம். என் ஓட்டு இண்டியானாவுக்கு.

டிசம்பர் தொடக்கத்தில் இண்டியானா 10–15. சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஜேம்ஸ் வைஸ்மனுக்கு குதிகால் தசைநார் அறுந்தது. சில நாட்களில் ஐசேயா ஜாக்சனுக்கும் அதே காயம். மாற்று சென்டர்கள் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்கள்) இரண்டு பேரும் சீசன் முழுக்கக் கிடையாது. மயாமியிலிருந்து தாமஸ் பிரையன்ட்டைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். அந்த 10–15க்குப் பிறகு 40–17. கிழக்குப் பிரிவில் நான்காம் இடம். பிளேஆஃபில், அதாவது வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் தொடர்களில், மில்வாக்கி, 64 வெற்றி எடுத்த கிளீவ்லேண்ட், நியூயார்க் மூன்றையும் தாண்டி, 68 வெற்றி எடுத்த ஓக்லஹோமாவை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள்.

ஆட்டக்காரர் என்றால் டைரீஸ் ஹாலிபர்டன். பிளேஆஃப் நேரத்தில் வெளியான ஒரு வாக்கெடுப்பில், சக வீரர்களே பெயர் வெளியிடாமல் ஓட்டுப் போட்டு, தகுதிக்கு மீறிப் பேசப்படும் வீரர் என்று இவரைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மில்வாக்கியுடன் ஐந்தாவது ஆட்டம், ஓவர்டைம். கடைசி நாற்பது விநாடியில் ஏழு புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டத்தை, 1.3 விநாடி மீதமிருக்கும்போது வளையத்தருகே போய் லேஅப் போட்டு 119–118 என்று முடித்தார்.

கிளீவ்லேண்டுடன் இரண்டாவது ஆட்டம். இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. 119–116 என்று பின்தங்கியிருக்கிறார்கள், ஹாலிபர்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறிதல், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி). முதலாவது விழுந்தது. இரண்டாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. கூட்டத்துக்குள் கையை நீட்டி அந்தப் பந்தை அவரே பிடித்தார். பிடித்ததும் வளையத்தை நோக்கிப் போகவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன்னை மறித்தவரை ஒரு தடவை உள்ளே போவதுபோல ஏய்த்து, பின்வாங்கி எறிந்தார். 1.1 விநாடி மீதம். 120–119. இரண்டு புள்ளி எடுத்திருந்தால் ஆட்டம் சமன். அது போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருப்பார்கள். அவர் ஜெயிப்பதற்கே எறிந்தார்.

நியூயார்க்குடன் முதல் ஆட்டம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் 14 புள்ளி பின்னடைவு. ஆரன் நெஸ்மித் நான்காவது குவார்ட்டரில் மட்டும் மூன்று புள்ளி எறிதல் ஆறு போட்டார். முடிவில் ஹாலிபர்டன் எறிந்த பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு, பலகையின் உயரத்துக்கும் மேலே எழும்பி, நேராக உள்ளே இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, 1994இல் இண்டியானாவின் பழைய நட்சத்திரம் ரெஜி மில்லர் அதே அரங்கில் செய்ததுபோலக் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். கால் மூன்று புள்ளிக் கோட்டில் பட்டிருந்ததால் இரண்டு புள்ளிதான், 125–125. ஓவர்டைமில் 138–135.

ஃபைனல்ஸ் முதல் ஆட்டம். ஆட்டம் முழுக்க ஒரு விநாடிகூட முன்னிலையில் இல்லாத அணி, 0.3 விநாடி இருக்கும்போது முதல்முறையாக முன்னே வந்தது. 111–110.

நான்கு சுற்றிலும் ஒவ்வொன்று. இதைவிட எதிர்பாராதது வேறு என்ன இருக்க முடியும்?

பழைய_பந்து எழுதியது:

தம்பிகள் இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு அணியை இருவருமே எட்டிக் கடந்துவிட்டீர்கள். கிளீவ்லேண்ட்.

முந்தைய வருடம் 48 வெற்றி. கோடையில் பெரிய டிரேட் (வீரர் பரிமாற்றம்) ஒன்றும் கிடையாது. பயிற்சியாளரை மட்டும் மாற்றினார்கள்: ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் போனார் (பிறகு டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் ஆனார்), கென்னி அட்கின்சன் வந்தார். முதல் 15 ஆட்டமும் வெற்றி. பிறகு ஒரு 12, பிறகு ஒரு 16. ஒரே சீசனில் 12 அல்லது அதற்கு மேல் மூன்று தொடர் வெற்றி வரிசை. கடைசியில் 64–18.

அட்கின்சன் என்ன செய்தார் என்று கூர்ந்து பார்த்தால் ஆச்சரியம் கூடும். எவன் மோப்லியின் கையில் பந்தைக் கொடுத்தார். அதுவரை அவர் திரை போட்டுவிட்டு (சக வீரரை மறிப்பவரின் வழியில் நின்று தடுத்துவிட்டு) வளையத்துக்கு ஓடுகிற ஆள். இப்போது மைதானத்தின் நடுவில் பந்தை வாங்கி, தானே தட்டிக்கொண்டு போகவும், வெளியிலிருந்து எறியவும் அனுமதி கிடைத்தது. டானவன் மிட்செல் தன் வாழ்க்கையிலேயே மிகக் குறைந்த நிமிடங்கள் ஆடினார், ஒரு ஆட்டத்துக்கு 31 நிமிடத்தை ஒட்டி. ஒரு நட்சத்திரம் அதற்குச் சம்மதிப்பது சாதாரணம் அல்ல. டேரியஸ் கார்லண்ட் முந்தைய சீசனில் தாடை உடைந்து திணறியவர், இந்த சீசனில் ஆல்-ஸ்டார்.

டை ஜெரோம் என்று ஒருவர். முந்தைய வருடம் கணுக்கால் அறுவை சிகிச்சை, மொத்தம் இரண்டே ஆட்டம். இந்த வருடம் பெஞ்சிலிருந்து வந்து சராசரியாக 12.5 புள்ளி, மூன்று புள்ளி எறிதலில் 43.9 சதவீதம். மயாமிக்கு எதிரான முதல் பிளேஆஃப் ஆட்டத்தில் 28 புள்ளி. சிறந்த மாற்று வீரருக்கான சிக்ஸ்த் மேன் விருதைப் பாஸ்டனின் பேட்டன் பிரிட்சார்ட் வாங்கினார், அது நியாயம்தான். ஆனால் எதிர்பாராதவர் யார் என்றால் ஜெரோம்.

இண்டியானாவிடம் தோற்றதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வருணித்த அந்த இரண்டாவது ஆட்டத்தில் கார்லண்ட், மோப்லி, டியாண்ட்ரே ஹன்டர் மூவருமே காயத்தால் ஆடவில்லை. அப்படியிருந்தும் 20 புள்ளி முன்னிலைக்குப் போனார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது_குவார்ட்டர் எழுதியது:

எடுத்துக்கொள்கிறேன் சார். மூன்று பேர் இல்லாதது உண்மை. ஆனால் தொடர் 4–1. அதில் மூன்று ஆட்டம் கிளீவ்லேண்ட் மண்ணிலேயே இண்டியானா ஜெயித்தது. ஒரு ஆட்டத்தின் காயக் கணக்கு மொத்தத் தொடரையும் விளக்காது.

புது_ரசிகை எழுதியது:

நான் கூடைப்பந்து பார்க்கத் தொடங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது. கோர்ட்டோரம் அண்ணாவிடம் ஒரு கேள்வி. அதே ஆட்கள் என்கிறீர்கள். வந்தவர்கள் பெரிய ஆட்கள் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் எப்படி மாறியது? வெறும் பயிற்சியாளர் மாற்றமா? அந்தப் பயிற்சியாளரும் கிளீவ்லேண்டில் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்தானே?

கோர்ட்டோரம் எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. இதற்குத்தான் காத்திருந்தேன்.

28 தோல்வி வரிசையின் ஆட்டங்களில் ஏதாவது ஒன்றை எடுத்து, கேட் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது நிறுத்திப் பாருங்கள். டூரன் திரை போடுகிறார். கேட் அதைச் சுற்றி உள்ளே நுழைகிறார். வளையத்துக்கு முன்னால் எதிரணியின் மூன்று பேர் நிற்பார்கள். காரணம், மூலையில் நிற்கும் டெட்ராய்ட் ஆளை விட்டுவிட்டு வந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. அவர் எறிந்தாலும் விழாது. மூன்று புள்ளி எறிவதில் லீகிலேயே பின்வரிசை அணி அது.

இப்போது 2024–25 ஆட்டம் ஒன்றை எடுங்கள். அதே கேட், அதே டூரன், அதே திரை. மூலையில் பீஸ்லி. அவரை மறிப்பவர் உள்ளே உதவப் போக ஒரு காலைத் தூக்குகிறார், உடனே திரும்ப வைத்துவிடுகிறார். அந்த ஒரு அடிதான் வித்தியாசம். அந்த இடைவெளியில் கேட் வளையம் வரை போகிறார். மறிப்பவர் துணிந்து விட்டுவிட்டுப் போனால் பந்து பீஸ்லிக்கு. அந்த சீசனில் பீஸ்லி போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் 319. லீகில் அவரை முந்தியது அந்தனி எட்வர்ட்ஸ் மட்டுமே, அதுவும் ஒன்றே ஒன்று அதிகம், 320.

கேட் முந்தைய வருடம் சராசரியாக 22.7 புள்ளி, 7.5 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து). இந்த வருடம் 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட், ஆல்-என்பிஏ (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) மூன்றாவது அணி. 2021 டிராஃப்டின் (புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு அவர், திறமை அன்றைக்கும் இருந்தது. சுற்றி நிற்பவர்கள் சரியாக அமையாவிட்டால் திறமை வெளியே தெரியாது.

பயிற்சியாளர் விஷயம். கிளீவ்லேண்ட் பிக்கர்ஸ்டாஃபை அனுப்பியதற்குக் காரணம் இருந்திருக்கலாம், அட்கின்சன் வந்ததும் அந்த அணியின் தாக்குதல் பறந்தது. ஆனால் அந்த அணிக்குத் தடுப்பாட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பிக்கர்ஸ்டாஃப். டெட்ராய்ட்டுக்கு 2024இல் தேவைப்பட்டது அதுதான்: ஒவ்வொரு இரவும் ஒரே மாதிரி தடுக்கிற பழக்கம், யார் எவ்வளவு நேரம் ஆடுவார்கள் என்கிற தெளிவு. சீசனின் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. பழைய கதை திரும்புகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஆட்களை மாற்றிப் போட்டுக் குழப்பவில்லை. அந்த நான்கு தோல்வியில் முதலாவது இண்டியானாவிடம்தான், சொந்த மண்ணில். வைஸ்மனுக்குக் காயம் பட்டதாக நான்காவது_குவார்ட்டர் எழுதினாரே, அந்த ஆட்டம்.

அப்புறம் ஜனவரி 1. ஐவி ஓர்லாண்டோவுடனான ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்து விழுந்தார். 17 புள்ளிக்கு மேல் சராசரி வைத்திருந்த ஆள், சீசன் முடிந்தது. அதோடு அணி நொறுங்கியிருக்க வேண்டும். நொறுங்கவில்லை.

தடுப்பாட்டம் எழுதியது:

தடுப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அணிகளிலேயே நிற்கிறீர்கள். இந்த சீசனின் மிகப் பெரிய ஆச்சரியம் ஒரு தனி ஆள்: அட்லாண்டா ஹாக்ஸின் டைசன் டேனியல்ஸ்.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊர்க்காரர். 2022இல் எட்டாவது தேர்வாக நியூ ஓர்லியன்ஸ் எடுத்தது. இரண்டு வருடம் பெஞ்சில். எறிவது சரியில்லை என்பதுதான் பேச்சு. டிஜாண்டே மரேயை நியூ ஓர்லியன்ஸ் வாங்கிய டிரேடில் இவரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அட்லாண்டாவில் முழுநேரம் ஆட விட்டதும், 76 ஆட்டத்தில் 229 ஸ்டீல் (பந்துப் பறிப்பு). ஒரு ஆட்டத்துக்கு மூன்று. 1990–91இல் ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு யாரும் அந்த சராசரியைத் தொடவில்லை. லீகில் இரண்டாமிடத்தில் இருந்தவருக்கும் இவருக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஸ்டீல் வித்தியாசம்.

இவருடைய கையைப் பாருங்கள். பந்தைப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பாய்வார்கள். தவறினால் அவர்கள் காலியாக விட்ட இடத்தில் எதிரணி புள்ளி எடுக்கும். டேனியல்ஸ் பாய்வதில்லை. கால் தரையில், உடம்பு எதிராளிக்கு நேராக. கை மட்டும் தாழ்வாக, உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கும். எதிராளி பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றும் அந்த இமைப்பொழுதில் விரல் நுனியால் கீழிருந்து தட்டுவார். பல நேரம் பந்து முதலில் அவர் கைக்கு வருவதுகூட இல்லை. தரையில் உருளும், அதற்குள் அவர் இரண்டு அடி முன்னே போயிருப்பார்.

மிக அதிகமாக முன்னேறிய வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. சிறந்த தடுப்பாட்டக்காரர் ஓட்டில் மோப்லிக்கு அடுத்த இடம். அட்லாண்டா பிளேஆஃபுக்குப் போகாததால் இவரைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

ஹூஸ்டனையும் விடக்கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் 22–60 ஆக இருந்த அணி. பயிற்சியாளராக ஈமே உடோகா வந்தார், 41–41, பிறகு 52–30, மேற்கில் இரண்டாமிடம். சராசரியாக 22 புள்ளி எடுக்கும் ஆள்கூட அந்த அணியில் கிடையாது. ஸ்டீவன் ஆடம்ஸையும் ஆல்பெரன் ஷெங்கூனையும் ஒன்றாக நிறுத்தி, தவறிய பந்தையெல்லாம் மறுபடி மறுபடி பிடித்தார்கள். ஆசாரின் இரட்டையரான ஏமன் தாம்சன் சிறந்த தடுப்பாட்ட முதல் அணியில் வந்துவிட்டார். கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது வேறு விஷயம்.

மேற்கு_மண்டலம் எழுதியது:

கிழக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள், கடைசியில் ஹூஸ்டனாவது வந்ததே.

ஓக்லஹோமா ஜெயிப்பது எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். ஜெயித்த விதம் எதிர்பார்த்ததல்ல. ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைன் சீசன் தொடங்கும் முன்பே கை முறிந்து வெளியே. நவம்பர் 10 அன்று செட் ஹோம்கிரென் இடுப்பு எலும்பு முறிந்து பிப்ரவரி வரை வெளியே. கொஞ்ச நாள் ஏழடி உயர ஆள் ஒருவர்கூட இல்லாமல் ஆடினார்கள். அப்படியும் 68–14. சராசரி வித்தியாசம் ஆட்டத்துக்கு 12.9 புள்ளி, 1971–72 லேக்கர்ஸ் வைத்திருந்த சாதனையைத் தாண்டியது. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 32.7 புள்ளி, எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது), ஃபைனல்ஸ் எம்விபி. டிராஃப்டில் யாருமே எடுக்காத லூ டார்ட், அதேபோல யாரும் எடுக்காத அலெக்ஸ் கரூசோ, இவர்கள்தான் அந்தத் தடுப்பின் முதுகெலும்பு.

கிளிப்பர்ஸ்: பால் ஜார்ஜ் போய்விட்டார், கவாய் லெனர்ட் சீசனின் முதல் பாதியில் பெரும்பாலும் இல்லை. 50–32. நார்மன் பவல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 21.8 புள்ளி. இவிட்சா ஸுபாட்ஸ் 16.8 புள்ளி, 12.6 ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது). இவருக்கு இன்னும் நிறையப் பாராட்டு வந்திருக்க வேண்டும்.

மெம்ஃபிஸின் ஜேலன் வெல்ஸ்: 39ஆவது தேர்வு. கல்லூரியில் இரண்டாம் நிலைப் பிரிவில் சோனோமா ஸ்டேட்டில் தொடங்கியவர். அறிமுக வீரர்களின் முதல் அணியில் வந்து நின்றார்.

கவிழ்ந்தவர்கள் பட்டியல் வேண்டுமா? ஃபிலடெல்ஃபியா 24–58, ஜோயல் எம்பீட் 19 ஆட்டம். ஃபீனிக்ஸ் 8–1 என்று தொடங்கி 36–46 என்று முடித்தது, கெவின் டுரான்ட்டும் டெவின் புக்கரும் இருந்தும். நியூ ஓர்லியன்ஸ் 21–61. டென்வர், மூன்றே ஆட்டம் மீதமிருக்கும்போது கோப்பை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் மைக்கேல் மலோனை அனுப்பிவிட்டது.

டாலஸ் இவை எல்லாவற்றுக்கும் மேலே. முந்தைய வருடம் ஃபைனல்ஸ் ஆடிய அணி, பிப்ரவரி தொடக்கத்தில் லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த அந்தனி டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம். அடுத்த மாதம் கைரி அர்விங்குக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. 39–43. ரசிகர்கள் வயிறெரிந்து நின்ற நேரத்தில், 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் லாட்டரியில் முதல் தேர்வு கிடைத்தது, இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக் வந்தார்.

பழைய_பந்து எழுதியது:

கோர்ட்டோரம் தம்பிக்கு ஒன்று. பீஸ்லி, ஹாரிஸ், ஹார்டவே என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் நட்சத்திரம் வரவில்லை என்பது முழு உண்மையா? கேட் அந்த வருடம்தான் நட்சத்திரமானார். வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வந்தார். அதையும் ஒரு வரவாகத்தான் நான் எண்ணுவேன். முந்தைய வருடம் அவருக்கு 22 வயது. இந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி. டூரனுக்கும் தாம்சனுக்கும் இன்னும் இளவயது.

பிறகு, ஒரு அணி 14–68 என்று முடிப்பது அதன் உண்மையான தரத்தைவிடக் கீழே. தோற்றுத் தோற்று மனசு விட்டுப்போனால் ஜெயிக்க வேண்டிய ஆட்டமும் கைநழுவும். அதே ஆட்கள் ஒழுங்காக ஆடியிருந்தால் 25 வெற்றியாவது வந்திருக்கும். அங்கிருந்து கணக்கிட்டால் முன்னேற்றம் அவ்வளவு தலைகீழ் இல்லை.

கோர்ட்டோரம் எழுதியது:

கேட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் சார். “நட்சத்திரம் யாரும் வராமல்” என்று நான் எழுதியது கொஞ்சம் அவசரம். உள்ளிருந்து ஒருவர் வந்தார்.

ஆனால் 25 வெற்றிக் கணக்கை ஏற்க முடியவில்லை. தோற்றுத் தோற்று மனசு விட்டுப்போன அணி என்கிறீர்கள். அதே மனசைத்தானே அடுத்த சீசனுக்கும் கொண்டுவந்தார்கள்? 0–4 என்று தொடங்கியபோது அது இன்னும் கனத்திருக்கும். அதை இறக்கி வைத்ததுதான் எனக்கு ஆச்சரியம். அது புள்ளிக் கணக்கில் வராது.

பிளேஆஃபையும் பாருங்கள். 2008 மே மாதத்துக்குப் பிறகு டெட்ராய்ட் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2009, 2016, 2019 மூன்று முறையும் 4–0 என்று வெளியே. நியூயார்க்குடன் முதல் ஆட்டத்தில் நான்காவது குவார்ட்டரில் முன்னிலையில் இருந்தார்கள், எதிரணி வரிசையாக 21 புள்ளி எடுத்தது. அதோடு தொடர்ந்து 15 பிளேஆஃப் தோல்வி. மனசு விட்டுப்போகிற அணி அங்கே விழுந்திருக்கும். அடுத்த ஆட்டத்தை அதே அரங்கில் 100–94 என்று ஜெயித்தார்கள்.

நான்காவது ஆட்டத்தின் முடிவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டெட்ராய்ட் சொந்த மண், 94–93 என்று நியூயார்க் முன்னிலை. கேட் எறிந்தது விழவில்லை. பந்துக்கு எல்லோரும் விழுந்து புரள்கிறார்கள். அது எப்படியோ மூலையில் ஹார்டவேயிடம் வருகிறது. அவர் எறிவதுபோலக் காட்ட, ஜாஷ் ஹார்ட் குதித்து அவர் மேலேயே வந்து மோதுகிறார். ஹார்டவே எறிகிறார், விழவில்லை. விசில் இல்லை. நேரம் முடிந்தது. அந்த ஆட்டத்தின் தலைமை நடுவர் டேவிட் குத்ரி ஆட்டம் முடிந்தபின், மறுபடி பார்த்ததில் அது ஃபவுல் கொடுத்திருக்க வேண்டிய மோதல் என்று ஒப்புக்கொண்டார். மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்கும். தொடர் 2–2 ஆகியிருக்கலாம். ஆனது 3–1.

அதற்குப் பிறகும் நியூயார்க் போய் ஐந்தாவது ஆட்டத்தை 106–103 என்று ஜெயித்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஜேலன் பிரன்சன் 4.3 விநாடி இருக்கும்போது ஆசார் தாம்சனை ஏய்த்துவிட்டு மூன்று புள்ளி போட்டார். 116–113. முடிந்தது.

நான்காவது_குவார்ட்டர் எழுதியது:

அந்த நான்காவது ஆட்டத்தை நானும் பார்த்தேன். விசில் வராதபோது எனக்கே மனசு கனத்துவிட்டது.

ஓட்டை மாற்ற மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று என்னைத் தொட்டது. இண்டியானாவின் கதையும் பெரிய பெயர்களைப் பற்றியது அல்ல. நியூயார்க்குடன் ஆறாவது ஆட்டத்தில் வேலையை முடித்தவர்களில் ஒருவர் தாமஸ் பிரையன்ட், இரண்டு சென்டர்கள் காயப்பட்டதால் மட்டுமே அணிக்கு வந்தவர். அன்றைக்கு 11 புள்ளி, அதில் மூன்று புள்ளி எறிதல் மூன்று. டி.ஜே. மெக்கானலையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பயிற்சியாளர் ரிக் கார்லைல் பத்து பேரை மாற்றி மாற்றி ஆட விட்டு, எதிரணியை மைதானம் முழுக்க ஓட வைத்தார்.

ஏழாவது ஆட்டத்தின் முதல் குவார்ட்டரில் ஹாலிபர்டன் ஒன்பது புள்ளி போட்டுவிட்டு, குதிகால் தசைநார் அறுந்து தரையைக் கையால் அடித்துக்கொண்டே விழுந்தாரே, அதற்குப் பிறகும் இடைவேளையில் இண்டியானாதான் ஒரு புள்ளி முன்னிலை. அந்த இரண்டாவது குவார்ட்டரைத் திரும்பப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தடுப்பாட்டம் எழுதியது:

வைஸ்மன், ஜாக்சன், ஹாலிபர்டன். ஒரே அணியில் ஒரே சீசனில் மூன்று குதிகால் தசைநார் காயம். அடுத்த சீசனில் ஹாலிபர்டன் இல்லாமல் அந்த அணி என்ன செய்யும் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

புது_ரசிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டேனியல்ஸின் கையைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு ஆட்டம் பார்த்தேன். இதுவரை பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிகிறது. உள்ளங்கை மேலே பார்ப்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

கோர்ட்டோரம் அண்ணா, டெட்ராய்ட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆட்டம் என்றால் எதைப் பார்க்கலாம்? நான்காவதா?

கோர்ட்டோரம் எழுதியது:

நான்காவது வேண்டாம். நியூயார்க்குடன் இரண்டாவது ஆட்டம். கேட் 33 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தது அதில்தான்.

முழுசாகப் பார்க்க நேரம் இல்லையென்றால் 94–94இலிருந்து பாருங்கள், ஏறத்தாழ ஒரு நிமிடம் மீதம் இருக்கும். பெரிய முன்னிலையைக் கரைத்து நியூயார்க் அப்போதுதான் சமன் செய்திருக்கும், அரங்கமே எழுந்து நிற்கும். பிப்ரவரியில் அணிக்கு வந்த டென்னிஸ் ஷ்ரோடர் மூன்று புள்ளி போடுவார். அவர் எறிந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு நியூயார்க் ஒரு புள்ளிகூட எடுக்காது. அந்த ஐம்பத்தைந்து விநாடியில் டெட்ராய்ட்டின் ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள், யார் யாரை மறிக்கிறார்கள் என்று பாருங்கள்.